நின்ற நேரம்

அந்த மென்பொருளைக் கணினியில் ஏற்ற மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கணினி எடுத்துக்கொண்டது ஏழு நிமிடம்தான். மீதிப் பதினைந்து நிமிடம், முதலாளியின் மைத்துனர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சும்மா கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்று கேட்டதில் போனது.

நடந்ததை வரிசையாக என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். உங்கள் உதவியாளர் எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்டேன். "நீதான் படிச்ச பொண்ணாச்சே, நீயே எழுதும்மா" என்றீர்கள். இந்த வாக்கியத்தை நான் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறேன். எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தாலும் இதைச் சொல்லித்தான் பேனாவை நீட்டுவார்கள். வேலை முடிந்ததும் பேனாவை மட்டும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

நான் வேலை பார்த்தது ஒரு சலவைக்கூடம். மூன்று ஓட்டல்கள், இரண்டு மருத்துவமனைகள் ஆகியவற்றின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அங்கே வந்து வெளுத்துத் திரும்பும். முன்னால் அலுவலக அறை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் துவைக்கும் இயந்திரங்கள். கடைக்கோடியில் தேய்ப்பு உருளைகள் நான்கு. ஆள் நீளத்தைவிட அகலமான இரும்பு உருளை, உள்ளே நீராவி. ஈர விரிப்பின் இரு முனைகளையும் இரண்டு பெண்கள் பிடித்து உருளைக்குள் கொடுத்தால், அந்தப் பக்கம் அது காய்ந்து, சுருக்கம் நீங்கி, புதுப் பணக்காரன் மாதிரி வெளியே வரும். மூன்றாம் உருளையில் என் அம்மா. பதினெட்டு வருடம். அங்கே அவளுக்குப் பெயரே மூணாம் நம்பர்தான்.

அந்த உருளையில் நின்றுதான் அம்மா என்னை வணிகவியல் பட்டதாரி ஆக்கினாள். இதை நானாகச் சொல்லவில்லை. அம்மா வாரத்துக்கு ஒரு முறை சொல்வாள், மாமா வரும்போதெல்லாம் சொல்வார், பக்கத்து வீட்டில் தங்கள் பிள்ளைகளை அடிப்பதற்கு முன்னால் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். சட்டத்துக்கு ஆன செலவு ஒரு மாத வாடகையில் பாதி.

பட்டத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் பன்னிரண்டு நேர்முகங்களுக்குப் போனேன். எல்லாரும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அப்பா இல்லை, அம்மா லாண்டரி என்றேன். ஒருவர் மட்டும் முகம் மலர்ந்து, "ஓ, சொந்த பிசினஸா?" என்றார். இல்லை என்றதும் முகத்தை மூடிவிட்டார். கடைசியில் அம்மாவே முதலாளியின் கார் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டு, மூன்று மாதத் தற்காலிக வேலையாக இந்த இடத்தை வாங்கித் தந்தாள். மூன்று மாதம் முடிவில் நான் தேவைப்பட்டால் நிரந்தரம். தேவைப்பட வேண்டும் என்பதுதான் என் முழு வேலை.

அப்போது கூடத்தின் கணக்குகள் ஒரு திருட்டு மென்பொருளில் இருந்தன. அதை யாரோ ஒருவனிடமிருந்து ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்கு வாங்கி ஏற்றியவர் முதலாளியின் மைத்துனர். நான் சேர்ந்த இரண்டாம் நாள் அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, திரை முழுக்கச் சிவப்பில் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. மைத்துனர் திரையின் மீது ஒரு துண்டைப் போட்டு மூடினார். அவரைக் கூடத்தில் பாஸ்வேர்ட் என்று கூப்பிடுவார்கள். வாரம் ஒரு கடவுச்சொல் மாற்றி, அதைச் சீட்டில் எழுதி, விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிவைத்து, ஒட்டியதை மறந்துவிடுவார்.

நான் கட்டற்ற மென்பொருள் ஒன்றை இறக்கினேன். உலகம் முழுக்க யார் யாரோ சம்பளம் இல்லாமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பது. ஏற்றும்போது ஓர் ஒப்பந்தம் வரும். அதை யாரும் படிப்பதில்லை, நேராக 'ஏற்கிறேன்' என்பதைத் தட்டிவிடுவார்கள். நான் கடைசி வரை படித்தேன். இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இதைப் பயன்படுத்தியதால் யாருக்கு என்ன இழப்பு வந்தாலும் செய்தவர்கள் பொறுப்பல்ல என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மனிதர்கள் அவ்வளவு நேர்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு என்னமோ சரியாப் படல. காசு வாங்காதவன் வேற எதையாவது வாங்குவான்" என்றார் பாஸ்வேர்ட்.

"உங்ககிட்ட வாங்கிட்டுப் போறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றேன்.

முதலாளி சிரித்தார். பாஸ்வேர்ட் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல், வாரம் ஒரு முறை, கணினியில் இருப்பது அத்தனையையும் ஒரு வெளி வட்டில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். அந்த வட்டைத் தன் மனைவியின் நகைப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகக் கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்.

அதே கணினியில்தான் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவும் சேரும். திரையின் ஓரத்தில் எட்டுச் சதுரங்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஏழு சதுரங்களில் கூடம். எட்டாவதில் அலுவலக அறை, அதாவது நான். மெயின் சுவிட்ச் பலகையும் அந்த அறையில்தான், என் நாற்காலியிலிருந்து நான்கு எட்டில். இது பிறகு வரும்.

வேலையில் எனக்கு ஒரே சங்கடம் அம்மா. மதிய இடைவேளையில் ஈரக் காலோடு அலுவலக அறைக்குள் வந்து, ஓட்டல் மேலாளர் உட்கார்ந்திருப்பதையும் பார்க்காமல், "பாப்பா, சாப்டியா?" என்பாள். நான் திரையைப் பார்த்தபடி தலையாட்டுவேன். "தலையாட்டாதே, வாயத் திறந்து சொல்லு. காலைலயும் ஒண்ணும் திங்கல" என்பாள். மேலாளர் போன பிறகு, உள்ளே வராதே என்று சொன்னேன். தரையில் மின்கம்பிகள் கிடக்கின்றன, ஈரக் கால் ஆபத்து. பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன். அம்மா மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதன் பிறகு அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று, கையை வாயருகே கொண்டுபோய்ச் சைகையில் கேட்பாள். வலது கையால்.

இப்போது நின்ற நேரத்துக்கு வருகிறேன்.

உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். அதில் கை பட்டால் உருளை உடனே நின்றுவிடும். கை மட்டும் இல்லை, ஈர விரிப்பின் மடிப்பு பட்டாலும் நிற்கும், சட்டைக் கை பட்டாலும் நிற்கும், சந்தேகப்பட்டாலே நிற்கும் என்று சொல்லலாம். நின்றால் ஒருத்தி சுற்றிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றரை நிமிடம் போகும். இதை யாரும் எண்ணியதில்லை. நான் கேமராப் பதிவை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி எண்ணினேன். முதல் உருளை ஒரு நாளைக்கு அறுபத்தெட்டு நிறுத்தம். இரண்டாவது எழுபத்திரண்டு. நான்காவது எழுபது. அம்மாவின் உருளை நாற்பத்தொன்று. அவள் விரிப்பை உதறிப் பிடிக்கும் விதம் அப்படி.

மென்பொருளில் செலவுத் தலைப்புகளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். 'நின்ற நேரம்' என்று ஒன்றைத் திறந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கூலி, நீராவி, தாமதம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு நோட்டில் நேரத்தைக் குறிப்பேன், மாலையில் ஏற்றுவேன். மாத முடிவில் லாப நட்டக் கணக்கில் சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவாக அது வந்து உட்கார்ந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வருடக்கணக்காகத் தன் வீட்டில் ஒரு திருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தவர் போல இருந்தார்.

"ஏம்மா, இதக் குறைக்க வழி இருக்கா?"

"பட்டையை அசையாமக் கட்டிட்டா நிக்காது சார்."

"வேணாம் மச்சான். அது கைக்காக வெச்சது. மெஷின் குடுத்தவன் அப்பவே சொன்னான்" என்றார் பாஸ்வேர்ட்.

அறையில் அன்று அறிவோடு பேசியவர் அவர் ஒருவர்தான். அதை இப்போது எழுதிவைக்கிறேன். அன்று நான் சொன்னது வேறு: "மெஷின் குடுத்தவன் சொன்னதெல்லாம் கேப்பீங்க, சாஃப்ட்வேர் குடுத்தவன் சொன்னதக் கேக்க மாட்டீங்க." முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் முடிந்திருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவர் கட்டு என்று சொல்லவில்லை. கட்டாதே என்றும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் உத்தரவு போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் கூடத்துக்குள் போனேன். முதல் உருளைக்காரியைப் பெரியக்கா என்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"உன் கம்ப்யூட்டருக்குக் கை இருக்காடி?"

"இல்ல."

"எனக்கு ரெண்டு இருக்கு. ரெண்டும் வேணும். வந்த வழியப் பாத்துப் போ."

இரண்டாம் உருளையில் கேட்கவேயில்லை, ஈர விரிப்பை என் பக்கமாக உதறினார்கள். நான்காம் உருளையில், "ஆபீஸர் அம்மா, முதல்ல உன் பேனாவ ஒரு தடவ உள்ள விட்டுப் பாரு, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார்கள். கூடமே சிரித்தது. என் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. பட்டம் வாங்கிய நாளில் போட்ட சட்டை.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள்.

"மத்தவங்க மெஷின்ல என்னத்துக்கு வம்பு. இங்க வா பாப்பா. இதுல கட்டிப் பாரு."

"ஏய் மூணாம் நம்பரு, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று பெரியக்கா கத்தினாள்.

"எம்பொண்ணு கணக்குப் போட்டுச் சொல்றா. சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கிழிந்த தலையணை உறை ஒன்றை அவளே நீளவாக்கில் கிழித்துத் தந்தாள். நான் பட்டையின் இரண்டு முனைகளையும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். முனைக்கு மூன்று முடிச்சு. நாற்பத்தொன்றுதான் நின்றுகொண்டிருந்தது, நான்கில் குறைவாக நிற்கும் உருளை அதுதான். கட்டத் தேவையில்லாத ஒரே உருளை என்றும் சொல்லலாம். ஆனால் கட்ட விட்ட ஒரே உருளையும் அதுதான். எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் இல்லையா.

அன்று மூன்றாம் உருளை ஒரு முறைகூட நிற்கவில்லை. மறுநாளும் இல்லை. பன்னிரண்டு நாள். என் நோட்டில் மூன்றாம் பத்தி வெறுமையாக இருந்தது, அவ்வளவு அழகான ஒரு பத்தியை நான் பார்த்ததில்லை. முதலாளி அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் அடுத்த மாதம் கட்டச் சொல்கிறேன், யார் முறைக்கிறாள் என்று பார்க்கலாம் என்றார். என் நிரந்தர வேலைக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

பதின்மூன்றாம் நாள் புதன்கிழமை. காலை பத்தேகால் இருக்கும். ஒரு விரிப்பின் விளிம்பில் தையல் பிரிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அது அம்மாவின் விரலில் சுற்றிக்கொண்டது. எதிர்முனையில் நின்றவள் கத்தினாள். உருளை நிற்கவில்லை. நிற்காமல் இருப்பதற்காகத்தான் கட்டியிருந்தோம்.

மருத்துவமனையில் மணிக்கட்டுக்கு மேல்வரை எடுத்துவிட்டார்கள். வலது கை. இன்னும் ஓர் அறுவைச் சிகிச்சை பாக்கி, அதற்கும் பிறகு செயற்கைக் கைக்கும் இழப்பீடு வந்தால்தான் வழி என்று மருத்துவமனை எழுத்தர் சொன்னார். கூடத்தின் தவறு என்றால் இழப்பீடு உண்டு. தொழிலாளி தானே பாதுகாப்பைக் கழற்றியிருந்தால் ஒன்றும் கிடையாது. திங்கட்கிழமை நீங்கள் விசாரிக்க வருவதாக வியாழக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். உருளையிலிருந்து துணி அவிழ்க்கப்பட்டுவிட்டது, அதை யார் அவிழ்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யார் கட்டினாங்கன்னு ஒரு கேள்வி வரும்மா. நான் கட்டினேனா? இல்ல. எம் மச்சான் கட்டினானா? அவன் வேணாம்னவன். அப்ப யாரு?" விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே மேசை மேலிருந்த என் கடிதத்தைத் தட்டினார். "உன் கடிதத்துல கையெழுத்து மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமை போகட்டும்."

பதிவை அழி என்று அவர் சொல்லவில்லை. இதில் அவரை இழுக்க வேண்டாம். அவரை இழுக்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் உண்மை அது.

வெள்ளிக்கிழமை மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. அதை ஏற்ற இடம் போதவில்லை, பழைய கேமராப் பதிவை அழிக்க வேண்டும் என்று பாஸ்வேர்டிடம் சொன்னேன். அது பொய். கணினியில் இருந்த காலி இடத்தில் அந்த மென்பொருளை முப்பது முறை ஏற்றலாம்.

"ஓசில வர்றதுக்கு இவ்ளோ இடமா?" என்றார்.

"ஆமா சார்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றார். வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி. நல்லா இருக்காங்க என்றேன். அவர் வெளியே போய்விட்டார். நான் ஒரு மாதப் பதிவு முழுவதையும் அழித்தேன். வெறுமனே அழித்தால் மீட்டுவிடலாம், அந்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதிவிட்டால் மீட்க முடியாது என்று படித்திருந்தேன். அதற்கும் ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. மூன்று முறை மேலெழுதினேன். பிறகு புதிய பதிப்பை ஏற்றினேன். ஏழு நிமிடம்தான். இந்த முறை பக்கத்தில் நின்று கேள்வி கேட்க யாரும் இல்லை. புதன்கிழமைக் கணக்கு பாக்கி இருந்தது, அதையும் முடித்தேன். உருளையைச் சுத்தம் செய்ய ஆன மூன்று மணி நாற்பது நிமிடம் நின்ற நேரத்தில். வீணான விரிப்பு பதினான்கு, சேதத்தில்.

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். கையில் ஒரு தாள் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பட்டையை நானே கட்டினேன், யாரும் சொல்லவில்லை என்று அம்மா சொல்வதாக.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. எதிரெதிரே இரண்டு பத்தி போட்டுக் காட்டினேன். இந்தப் பக்கம் இழப்பீடு, ஒரே ஒரு முறை வருவது, அதுவும் வழக்கு முடிந்து எப்போது வருமோ தெரியாது. வந்தால் என் வேலை போகும், கட்டியவள் என்று என் பெயர் எங்கும் ஓடும், பன்னிரண்டு நேர்முகம் இருபத்துநான்கு ஆகும். அந்தப் பக்கம் என் நிரந்தரச் சம்பளம், மாதாமாதம், வருடத்துக்கு இத்தனை உயர்வு. ஐந்தாம் வருடத்தில் அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறது. அறுவைச் சிகிச்சையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அவளுடைய வலிக்கும் ஒரு தொகை போட்டிருந்தேன்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்ட்டேன்மா. இதக் கேளு முதல்ல."

"கேட்டேனே."

"என்ன சொல்ற?"

"நீ கணக்குப் போட்டிருக்க. சரியாத்தான் இருக்கும்."

நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருந்தேன். மூன்று எழுத்து. சம்பளப் பதிவேட்டில் எல்லாரும் கைநாட்டு வைக்கும்போது அவள் மட்டும் பேனா கேட்டு வாங்குவாள், பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். அதெல்லாம் வலது கைப் பழக்கம். அதனால் இடது கட்டைவிரலில் மை தடவி ஒற்றினேன். நன்றாக விழுந்தது. துடைக்கத் துணி இல்லை, போர்வையில் துடைத்துக்கொண்டாள். மருத்துவமனைப் போர்வை, எங்கள் கூடத்துக்கு வெளுக்க வருவது.

திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள், தாளைக் கொடுத்தேன், போனீர்கள். கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. ஒன்பது நாள் நான் நிரந்தர ஊழியர்.

பிறகு பாஸ்வேர்ட் தன் மனைவியின் நகைப் பெட்டியைத் திறந்து, அந்த வட்டை எடுத்து வந்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறார். இலவசமாக வந்த பொருளின் மேல் அவருக்கு இருந்த சந்தேகம் ஒரு நாள் உதவும் என்று யார் நினைத்தது. கட்டியது வெள்ளிக்கிழமை, அவர் நகல் எடுத்தது சனிக்கிழமை. அதனால் அதில் நான் இருக்கிறேன், துணி இருக்கிறது, மூன்று முடிச்சும் இருக்கிறது. அம்மா துணியைக் கிழித்துத் தந்துவிட்டுக் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பாள், அதையும் பார்த்திருப்பீர்கள். அதை அவளுக்குப் போட்டுக் காட்டினீர்களாம். படத்தில் இருக்கிறது என் பெண் இல்லை, என் பெண் ஆபீஸ் ரூமை விட்டு வெளியே வரமாட்டாள் என்று சொன்னாளாம். நீங்கள் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல.

கட்டியதையும், அழித்ததையும், கைநாட்டு வாங்கியதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு இவ்வளவுதான் தெரியும், இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வரிசையாக எழுதச் சொன்னீர்கள், வரிசையில் ஒன்று விட்டுப்போகிறது. கணக்குப் படித்தவளுக்கு அது உறுத்தும்.

அந்தப் புதன்கிழமையின் பதிவு பாஸ்வேர்டின் வட்டில் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் நகல் எடுப்பதற்கு முந்திய நாளே நான் அழித்துவிட்டேன். நான் அழிக்க நினைத்தது முடிச்சுப் போட்டதைக் கூட இல்லை. கட்டியதில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்று வாதாடியிருக்கலாம். நான் அழிக்க நினைத்தது எட்டாவது சதுரம்.

எதிர்முனைக்காரி கத்தியபோது நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் உருளையும் அம்மாவும் அவள் கையும் தெளிவாகத் தெரிந்தன. மெயின் சுவிட்ச் நான்கு எட்டில் இருந்தது. எனக்குத் தெரிந்தது என்னவென்றால், இது நிற்கப் போகிறது, பன்னிரண்டு நாளில் முதல் நிறுத்தம். நோட்டை இழுத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாம் பத்தியில் 10.17 என்று எழுதினேன். பிறகு எழுந்து போய்ச் சுவிட்சை இறக்கினேன்.

அழிப்பதற்கு முன்னால் அதை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். பதினொரு நொடி. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் கை கழுவிக்கொண்டே சொல்லியிருந்தார், கொஞ்சம் முந்தி நிறுத்தியிருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று. பதினொரு நொடியை விரல்களாலும் மணிக்கட்டாலும் வகுத்துப் பார்த்தேன். அதை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று தெரியவில்லை. அதனால் ஏற்றவில்லை. எங்கள் கணக்கில் வராத ஒரே தொகை அது.

பதற்றத்தில் செய்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. எண்கள் அழுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கின்றன. நோட்டு என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் இடத்துக்கு யார் வந்தாலும் அந்த மென்பொருளை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் இருக்கிறது. 'நின்ற நேரம்' தலைப்பை மட்டும் மூடிவிடக் கூடாது, அது இல்லையென்றால் யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். பட்டையை அவிழ்த்த பிறகு மூன்றாம் உருளைக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நேற்று என்னை இங்கே அழைத்து வருவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு எண்பத்தாறு முறை நிறுத்துகிறாள். என் அம்மா ஒரு நாளும் நாற்பத்தொன்றைத் தாண்டியதில்லை.